நெப்போலியன் எப்படி ஜெயித்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்

ரிட்லி ஸ்காட் படத்தில் எனக்குக் கதை கூட முக்கியமில்லை, சண்டை புரிந்தால் போதும். ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ படத்தில் ஜெருசலேம் முற்றுகைக்கு முன்னால் கோட்டைக்கு வெளியே தூரம் அளந்து வெள்ளையடித்த கற்களைப் போட்டு வைப்பார்கள். எதிரி எந்தக் கல்லைத் தாண்டினால் அடி விழும் என்று பார்க்கிற நமக்கே தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன் எடுத்த ‘நெப்போலியன்’ பார்த்துவிட்டு வந்த கடுப்பில் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் வரும் தூலோன் துறைமுக முற்றுகை வரைக்கும் பிரமாதம். குதிரை நெஞ்சில் பீரங்கிக் குண்டு பாயும், கீழே விழுந்து எழுந்திருக்கும் ஆள் மூச்சு வாங்குவதிலேயே பயம் தெரியும். சரி, இன்றைக்கு நமக்கு விருந்துதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதோடு சரி.

அடுத்தது ஆஸ்டர்லிட்ஸ் சண்டை, 1805 டிசம்பர் 2, எதிரே ரஷ்ய, ஆஸ்திரியப் படைகள். நெப்போலியனின் மூளைக்கே சாட்சி அந்தச் சண்டைதான். பிராட்சன் குன்றைத் தானாகவே விட்டுக்கொடுத்து, தன் வலது பக்கத்தை வேண்டுமென்றே பலவீனமாகக் காட்டி, எதிரிகளைக் குன்றிலிருந்து இறங்க வைக்கிறார். அந்த வலது பக்கத்தைத் தாங்க அவருடைய தளபதி தாவூவின் படை வியன்னாவிலிருந்து இரண்டே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து சேர்கிறது. அப்புறம் மூடுபனிக்குள்ளிருந்து இன்னொரு தளபதி சூல்ட்டின் ஆட்கள் காலியான குன்றில் ஏறுகிறார்கள். படத்தில் இது எதுவும் இல்லை. உறைந்த குளத்தின் பனிக்கட்டி உடைகிறது, ஆட்கள் முங்குகிறார்கள், தண்ணீர் சிவக்கிறது, முடிந்தது. நிஜத்தில் அந்தக் குளத்தில் செத்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

பிரமிடைப் பீரங்கியால் சுடுவதைக் கூட மன்னித்துவிடலாம், சினிமாதானே. ஆனால் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ சண்டையில் பீரங்கிப்படையில் வளர்ந்த ஆளைக் கத்தியோடு குதிரையில் பாய விட்டது என்ன கணக்கு அண்ணாச்சி?

கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அடுத்த மாதமே பாரிஸில் நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்கிறார். ரெண்டும் ஒரே காலம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் பாஞ்சாலங்குறிச்சிக் கதை கேட்டுப் பாருங்கள், ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது, 1801 மார்ச்சில் கும்பினிப் படை அந்த மண்கோட்டையில் முட்டித் தோற்றது, மே மாதம் வரை திணறியது என்று எது எதனால் நடந்தது என்பதை வரிசையாகச் சொல்வார்கள். அத்தனை கோடி செலவழித்தவரிடம் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

நெப்போலியனின் மனைவி ஜோசஃபீன் பகுதி? வனெஸ்ஸா கிர்பி நன்றாக நடித்திருக்கிறார், அவ்வளவுதான். 1812 ரஷ்யப் படையெடுப்பு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

நீளமான பதிப்பு ஒன்று வந்திருக்கிறது, அதைப் பார் என்கிறான் நண்பன். ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ அப்படித்தான் நீளமான பதிப்பில் வேறு படமாகவே மாறியது, அந்த ஆசை எனக்கும் இருக்கிறது. பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அதிலாவது அந்தக் குன்று வருகிறதா?