மாமாவின் 16 மணித்தியாலம்

அம்மா இறந்த எட்டாம் நாள் சடங்கான எட்டு அன்று பந்தலில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். "ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு 14,000 கிலோமீற்றர், 16 மணித்தியாலம். மனம் இருந்தால் நேரத்துக்கு வந்திருக்கலாம்" என்று கைத்தொலைபேசியை நீட்டிக் காட்டிய மாமாவுக்குத்தான் இந்தப் பதிவு. ரொறன்ரோவிலிருந்து அம்மாவை எடுத்த பிறகே வந்து சேர முடிந்த தம்பி அப்போது தேநீர்த் தட்டோடு பக்கத்தில்தான் நின்றான்.

மாமா, தூரம் சரி. உருண்டையின்மேல் நூல் பிடித்து அளந்த தூரம் அது; விமானத்தின் வேகத்தால் வகுத்தால் 16, 17 என்று வரும். ஆனால் அங்கிருந்து இங்கே நேரடி விமானமே கிடையாது! தோஹாவுக்கு 13 மணித்தியாலம், அங்கே காத்திருக்க 4, கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு 5, பெட்டி எடுத்து வெளியே வர 1. பிறகு குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று திருகோணமலைக்கு வான் வண்டியில் 6. மொத்தம் 29. இங்கே சீனன்குடாவில் ஓடுபாதை இருக்கிறதே என்று சொல்லிவிடாதீர்கள், அது விமானப்படையின் தளம்.

2017இல் நானும் லண்டனுக்குப் போனேன். கொழும்பிலிருந்து நேரடி விமானம், 8,700 கிலோமீற்றர், 11 மணித்தியாலம் என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். உவர்மலையில் எங்கள் வீட்டுப் படலையைச் சாத்தியதிலிருந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்வரை 22 ஆனது. வீங்கிய கால் சப்பாத்துக்குள் போகவில்லை. திரும்பும்போது மேலே மேற்கிலிருந்து வீசும் காற்று தள்ளிவிட்டதில் அரை மணி முந்தி இறங்கினோம். காற்றுக்கு இருந்த இரக்கம் சில சொந்தக்காரருக்கு இல்லை.

அம்மா போனது ஞாயிறு அதிகாலை 4 மணி. தம்பிக்கு அங்கே அது சனி மாலை ஆறரை. கிடைத்த டிக்கெட் ஞாயிறு இரவு 9 மணிக்கு, அதாவது இங்கே திங்கள் காலை ஆறரை. அதோடு 29ஐக் கூட்டுங்கள். செவ்வாய் முற்பகல் பதினொன்றரை. அந்த நேரத்துக்குத்தான் வந்து படலையைத் திறந்தான். நாங்கள் அம்மாவை எடுத்தது திங்கள் 3 மணிக்கு.

காசு பார்த்துத்தான் பிந்தினான் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, சொல்லவும் மாட்டேன்.

"உடலை வைத்திருந்திருக்கலாமே" என்று ஒரு நண்பர் உட்பெட்டியில் கேட்டார். செவ்வாயில் எடுக்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். மாமா, முதலில் சொன்னவரே நீங்கள்தான்! சரி, புதனுக்குத் தள்ளியிருக்கலாம். உடலைப் பதப்படுத்தித் தரும் மலர்ச்சாலையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. வீடு நிறையச் சனம், ஆளுக்கு ஒரு கதை, தலையாட்டிவிட்டேன். அதையும் அவன் தலையில் கட்டாதீர்கள்.

தாய்க்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கு வைத்த கையாலேயே அம்மாவுக்கும் வைத்தேன். அப்போது அவன் எந்தக் கடலுக்கு மேலே இருந்தானோ.

விமானம் ஏறுமுன் தொலைபேசி எடுத்தான். "நான் வரும்வரை வைத்திருப்பீர்களா அண்ணா?" என்று கேட்டான்.

"நீ வா" என்று மட்டும் சொன்னேன்.