விவசாயிக சங்கம்னா பிளாக்மெயிலாம்!

அந்த வீடியோ உங்க எல்லார்த்துக்கும் வந்திருக்கும், நான் மறுபடி போடல. "சங்கம்ங்கற பேர்ல கவர்மெண்ட பிளாக்மெயில் பண்றாங்க"ன்னு அந்தப் பெரிய மனுசன் மைக்கப் புடிச்சுச் சொல்ல, கீழ உக்காந்து நம்மூரு ஆளுகளே கை தட்டறாங்க பாருங்க, அதைத்தானுங்க தாங்க முடியல.

அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஓட்டுப் போட்டுட்டு மீதி நாளெல்லாம் வாய மூடிட்டு இருக்கோணுமா? கூட்டமா போயி கேட்டாத்தான் கவர்மெண்டுக்கு காது கேக்கும். கரண்ட் கட்டணத்த ஏத்துனத எதுத்து 1970-ல பெருமாநல்லூர்ல மூணு பேரு குண்டடி பட்டுச் செத்தாங்க. 1972-ல விவசாயிக சங்கத் தலைவரு நாராயணசாமி நாயுடு கூப்புட்டாருன்னு கோயமுத்தூர் ரோட்டையெல்லாம் மாட்டுவண்டியாலயே அடைச்சாங்க, என்ற அப்புச்சியும் வண்டி பூட்டிட்டுப் போனவருதான். 1990-ல விவசாயத்துக்கு இலவச மின்சாரம் சும்மா வந்துச்சுன்னா நெனைக்கறீங்க? பவானித் தண்ணியக் குளங்குட்டைக்குக் கொண்டுவர்ற அத்திக்கடவு-அவினாசி திட்டம் 2024-ல தொறந்ததும் பேனர் வெச்சது பூரா கட்சிக்காரங்க, அதுக்கு வருசக்கணக்கா உண்ணாவிரதம் இருந்தவங்க மூஞ்சி எந்தப் பேனர்லயும் என்ற கண்ணுல படல.

எங்க தோட்டத்து டிரான்ஸ்பார்மர் எரிஞ்சப்ப மனு எழுதிட்டு தனியா போயி நின்னேன். "ஸ்டாக் இல்லீங்க, அடுத்த வாரம் பாக்கலாம்"னு தலையக்கூட நிமித்தாம சொன்னாங்க. தென்னையில குரும்பை கொட்ட ஆரம்பிச்சுருச்சு. அப்பறம் சங்கத்துக்காரங்க பச்சத் துண்டோட வந்து வராண்டாவுல உக்காந்தாங்க, சத்தம்கூடப் போடல, அன்னைக்கு சாயங்காலமே லாரியில டிரான்ஸ்பார்மர் வந்துருச்சு. காலைல இல்லாத ஸ்டாக்கு சாயங்காலம் எங்கிருந்துங்க மொளச்சுது? இதுதான் பிளாக்மெயில்னா நான் பிளாக்மெயிலர்னே வெச்சுக்கங்க.

"தலைவருக வெல போயிடறாங்க"ம்பீங்க. சில பேரு போறாங்க, ஒத்துக்கறேன், கட்சிக்காரங்க போகலியா? "கீழ்பவானி வாய்க்கால்ல கான்கிரீட் போடறதுக்கு உங்க சங்கங்களே ரெண்டா நின்னுச்சே"ம்பீங்க. நின்னுச்சு, ரெண்டு பக்கமும் வெளிப்படையா நின்னுச்சு, காண்ட்ராக்டர் மட்டும் முடிவு பண்றதுக்கு அது தேவலைங்க. "மறியல் பண்ணுனா டிராபிக் ஜாம் ஆகுது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அவருக்கு ஒண்ணும் சொல்லறதுக்கில்ல, மந்திரி கார் போறப்ப அரைமணி நேரம் நிப்பீங்கல்ல சார்.

பெரிய கம்பெனிக்காரங்க டெல்லிக்குப் போயி ஏசி ரூம்ல உக்காந்து வரியக் கொறைங்கன்னா அது ஆலோசனைக் கூட்டம், நாங்க வெயில்ல உக்காந்தா மிரட்டலா?

அந்தப் பெரிய மனுசன் மேலகூட எனக்குக் கோவமில்லீங்க. கை தட்டுனதுல ஒருத்தரு எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு. அதே டிரான்ஸ்பார்மர்லதான் அவரு மோட்டாரும் ஓடுது, சங்கச் சந்தா கேட்டுப் போனா மட்டும் ஆளு ஊர்ல இருக்க மாட்டாரு. கமெண்ட்ல வந்து எனக்குப் புத்தி சொல்லறதுக்கு முன்னால அண்ணா, போன வருசச் சந்தா பாக்கி நிக்குதுங்கோ.