அந்த ஏர் பம்பை முதல்ல கண்ணாடியை விட்டு எடுங்க!

மீனுக்குக் காது கேக்காதுன்னு யாருங்க சொன்னது? எந்த வீட்டு மீன் தொட்டியைப் பார்த்தாலும் தண்ணிக்குள்ள காத்து விடுற ஏர் பம்பு பின்பக்கக் கண்ணாடியில முட்டிக்கிட்டு ராப்பகலா 'ர்ர்ர்ர்'னு அதிருது. நமக்கு எரிச்சல் வந்தா பக்கத்து ரூமுக்குப் போயிடலாம். தங்கமீன் எங்க போகும்?

தங்கமீன், கொய், டெட்ரா, கெளுத்தி இதுங்களுக்கெல்லாம் உடம்புக்குள்ள இருக்கிற காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கிற குட்டி எலும்புகள் இருக்கு. காற்றுப்பை வாங்குற அதிர்வு அது வழியா நேரா காதுக்குப் போகும். மீன்கள்லயே கூர்மையான காது உள்ள கூட்டம் இது. அதைத்தான் பிடிச்சு இரைச்சலுக்கு நடுவுல விடுறோம்! 2004ல வந்த ஒரு ஆய்வுல தங்கமீன்களை உரத்த இரைச்சல்ல வச்சாங்க. பத்தே நிமிஷத்துல ரத்தத்துல கார்டிசால்ங்கிற மன அழுத்த ஹார்மோன் ஏறிடுச்சு, ஒரே நாள்ல காது மங்கிடுச்சு. மூணு வாரம் இரைச்சல்ல இருந்த மீனுக்குக் கேட்கும் திறன் திரும்ப ரெண்டு வாரம் ஆச்சு. அந்தச் சத்தம் வீட்டுப் பம்பைவிடப் பெரிசுதான், சரி. ஆனா வீட்டுப் பம்பு நிக்கிறதே இல்லையே!

மீன் மூலையில முடங்குது, துடுப்பை ஒடுக்குது, தீனிக்கு வரல, திடீர்னு பாய்ஞ்சு கண்ணாடியில மோதுது. உடனே நோய்னு நினைச்சு கல்லுப்பு, மெத்திலீன் புளூன்னு மருந்து! கழிவுல இருந்து தண்ணியில சேர்ற விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதிச்சீங்களா? ரெண்டும் ஜீரோன்னா, பத்து நிமிஷம் பம்பை நிறுத்திட்டுத் தள்ளி நின்னு பாருங்க. மீன் வெளிய வந்தா, மருந்து பம்புக்குத்தான் தேவை.

நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு அம்பது சுற்று. பம்புக்குள்ள இருக்கிற காந்தக் கை அதே வேகத்துல ஆடித்தான் காத்தை அடிக்கிற ரப்பர் டயஃப்ரத்தைத் தள்ளுது. அந்த அதிர்வு பம்பு தொடுற எதுலயும் ஏறும். அதனால பம்பைக் கண்ணாடியிலயும் ஸ்டாண்டுலயும் படாம, தண்ணி மட்டத்துக்கு மேல சுவர் ஆணியில கயிறு கட்டித் தொங்க விடுங்க. கீழதான் இடம்னா தடியான ஸ்பாஞ்சு மேல வச்சு, டியூப்ல ஒரு பக்கம் மட்டும் விடுற நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் போடுங்க, இல்லன்னா கரண்டு போனதும் தண்ணி பம்புக்குள்ள இறங்கிடும். சத்தம் புதுசா கூடியிருந்தா டியூப் நுனியில குமிழி விடுற கல்லு, அதான் ஏர் ஸ்டோன், அடைச்சிருக்கான்னு பாருங்க. அடைச்ச கல்லு பம்பைத் திணற வைக்கும். இருபது முப்பது ரூபா சமாச்சாரம், அதை மாத்த மனசு வராது!

உள்ள மூழ்கியிருக்கிற பவர் ஃபில்டர் கரகரன்னா தண்ணியைத் தள்ளுற குட்டி விசிறியான இம்பெல்லரைக் கழட்டி, மணலையும் வழவழப்பையும் பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு எடுங்க. ஃபில்டரைக் கண்ணாடியில ஒட்ட வைக்கிற உறிஞ்சு ரப்பர் விறைச்சுப் போனா மோட்டார் கண்ணாடியில சாய்ஞ்சு அதிரும், அதையும் மாத்துங்க.

தொட்டி வச்ச மேஜையிலேயே ஊஃபர் ஸ்பீக்கர் வைக்கிறவங்களை என்ன சொல்றது? காத்துல வர்ற சத்தத்துல பெரும்பகுதி தண்ணி மேல பட்டுத் திரும்பிடும். மரம் வழியா ஏறி, கண்ணாடி வழியா தண்ணிக்குள்ள இறங்குற அதிர்வை எது தடுக்கும்? ஊஃபரை இன்னைக்கே வேற மேஜைக்கு மாத்துங்க. வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் தட்டுற விருந்தாளி கையையும் பிடிச்சு நிறுத்துங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.