ஒன்பதாவது விடை

வாத்தியார்: தம்பி, நான் இரவல் கொடுத்த ஏணியில் உன் வேலை முடிந்துவிட்டதா?

தம்பி: முடியாமல் இருக்குமா சார்?

வாத்தியார்: வினா எதிர் வினாதல். ஒன்று.

தம்பி: என்ன சார் எண்ணுறீங்க?

வாத்தியார்: இலக்கணத்தில் விடை வகைகள் நடத்திய பழக்கம், விடமாட்டேன் என்கிறது. ஏணி எங்கே?

தம்பி: அதோ.

வாத்தியார்: சுட்டு. இரண்டு.

(பால்கனியில் ஏணி. மூன்று படிகளில் துண்டுகள் காய்கின்றன. உச்சிப் படியில் ஒரு பூந்தொட்டி. செடி பூவே விட்டாயிற்று.)

வாத்தியார்: நாளைக் காலையில் கொண்டுவந்து கொடுப்பாயா?

தம்பி: முதுகு பிடிச்சிருக்கு சார்.

வாத்தியார்: உற்றது உரைத்தல். மூன்று. சாயங்காலம்?

தம்பி: தூக்கினால் இன்னும் வலிக்கும்.

வாத்தியார்: உறுவது கூறல். நான்கு.

தம்பி: அவசரம்னா ஸ்டூல் இருக்கு, தரட்டுமா?

வாத்தியார்: இனமொழி! ஐந்து. நன்னூல் சொல்லும் எட்டு விடையில் ஐந்தை வாசற்படியிலேயே முடித்துவிட்டாய். எனக்கு வகுப்பில் இரண்டு நாள் ஆகும்.

தம்பி: மிச்சம் மூணு என்ன சார்?

வாத்தியார்: ‘நீங்களே எடுத்துட்டுப் போங்க’, அது ஏவல். ‘தருகிறேன்’, நேர். ‘தரமாட்டேன்’, மறை.

தம்பி: ஐயோ, உங்ககிட்ட போய் முடியாதுன்னு சொல்வேனா? மரியாதை இல்லையா?

வாத்தியார்: அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு போகத்தான் நாலு வாரமாக மாடியேறி வருகிறேன். முதல் நாளே முடியாது என்றிருந்தால் வேறு ஏணி வாங்கியிருப்பேன்.

தம்பி: கோபப்படாதீங்க சார். பார்க்கலாம்.

வாத்தியார்: இது எட்டிலும் இல்லை! நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்கே தெரியாத ஒன்பதாவது விடை. கிரைஸ் என்று ஒரு தத்துவப் பேராசிரியர் 1967-இல் ஹார்வர்டில் சொற்பொழிவாற்றினார். தேவையான அளவு, உண்மையாக, சம்பந்தத்தோடு, தெளிவாகப் பேசுவார்கள் என்று நம்பித்தான் நாம் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்கிறோம் என்றார். பாவம், யாருக்கும் ஏணி இரவல் கொடுத்திருக்க மாட்டார்.

தம்பி: அது சரி, நீங்க மட்டும் நேராவா கேட்டீங்க? நாலு வாரமா ‘முடிந்ததா, முடிந்ததா’ன்னுதானே கேட்கறீங்க. ‘ஏணியைக் கொடு’ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா?

வாத்தியார்: ‘முடிந்ததா’ என்பது ஏவல் வினாடா!

தம்பி: எனக்கு அறியா வினான்னு பட்டுச்சு.

(வாத்தியாருக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தப்பாகச் சொன்னாலும் பையன் ஒரு வினா வகையின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டானே என்று உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு.)

தம்பி: அப்புறம் சார், உங்ககிட்ட ட்ரில்லிங் மெஷின் இருக்கா?

வாத்தியார்: கொளல் வினா.

தம்பி: இருக்கா சார்?

வாத்தியார்: பரண்மேல் இருக்கிறது. எடுக்க ஏணி வேண்டும்.