ஒற்றைச் செருப்புக்கு ஒரு போஸ்

(கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து முதலியார்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய பைக். ஓட்டுவது மச்சான். பின்னால் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது மாமா, கையில் செல்போன். சாலையோரம் தவறி விழுந்து கிடக்கும் பொருள்களைப் படம் எடுப்பது அவருக்குப் பைத்தியம். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி இரண்டு முறை நின்றாயிற்று. இப்போது ரெட்டிச்சாவடி.)

மாமா: மச்சான், நிறுத்து நிறுத்து!

மச்சான்: மறுபடியுமா? என்ன கிடக்கிறது?

மாமா: டிபன் பாக்ஸ் மூடி.

மச்சான்: வெறும் மூடியா? பாக்ஸாக இருந்தாலாவது நிறுத்தலாம்.

மாமா: பாக்ஸ் கிடந்தால் எவனாவது எடுத்துப் போய்விடுவான். மூடிக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

(பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாலையோரத்தில் படுக்காத குறையாகக் குனிகிறார்.)

மச்சான்: நின்றபடியே எடுங்களேன் மாமா.

மாமா: மேலே இருந்து எடுத்தால் விபத்து நடந்த இடத்தில் போலீஸ் எடுத்த படம் மாதிரி இருக்கும். போனைத் தரையோடு வைக்கணும். காலை வெயில் சாய்வாக விழுகிறது பார், மூடிக்கே ஒரு முழ நிழல்! பின்னால் மைல்கல்லும் தெரிகிறது.

மச்சான்: முகூர்த்தம் ஒன்பதரைக்குள். மண்டபத்திலிருந்து அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மாமா: எடுக்காதே. எடுத்தால் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டிவரும்.

(தாமதமாகப் போவதில் மாமாவுக்கு வேறொரு சௌகரியமும் உண்டு: மொய் எழுதுகிறவர் சாப்பிடப் போயிருப்பார். அது தனிக் கதை.)

மச்சான்: சரி, அந்த மூடியை எடுத்துக்கொண்டாவது வாருங்கள். வீட்டுக்கு ஆகும்.

மாமா: தொடவே கூடாது! கீழே கிடப்பதை எடுத்தால் அதற்கு நீதான் பொறுப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 71.

மச்சான்: ஒரு மூடிக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமா?

மாமா: உரியவருக்காக அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். படத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

(முள்ளோடை. புதுச்சேரி எல்லை. மதுக்கடைகள் களைகட்டத் தொடங்கும் இடம்.)

மச்சான்: என்ன மாமா, இங்கே நிறுத்தச் சொல்லவில்லை?

மாமா: நம் பக்கம் ஒன்றும் கிடக்காது. எதிர்ப்பக்கம் பார், கடலூருக்குத் திரும்புகிற பக்கம். அதோ ஒரு செருப்பு, கொஞ்சம் தள்ளி ஒரு துண்டு, அதற்கும் அப்பால் ஹெல்மெட் கண்ணாடி.

மச்சான்: அந்தப் பக்கம் மட்டும் ஏன்?

மாமா: வரும்போது எல்லோரும் தெளிவாகத்தான் வருகிறார்கள்.

(தவளக்குப்பம். முன்னால் பஸ், பின்னால் பஸ், வண்டி ஊர்கிறது.)

மச்சான்: எவனோ போட்டுவிட்டுப் போன குப்பை மாமா. இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

மாமா: முன்னால் அரியாங்குப்பம் வருகிறதே, அங்கே அரிக்கமேட்டில் தொல்பொருள் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டியபோது என்ன கிடைத்தது?

மச்சான்: புதையலா?

மாமா: ரோமாபுரி மது ஜாடியின் உடைசல், இத்தாலிச் சிவப்புத் தட்டின் ஓட்டாஞ்சில்லு, மணிகள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ போட்டுவிட்டுப் போனதுதான். இன்றைக்குப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நீ பார்த்ததில்லையா?

மச்சான்: பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். நான் வாசலில் ஐஸ் தின்றுகொண்டிருந்தேன்.

மாமா: ஐஸ் குச்சியை எங்கே போட்டாய்?

மச்சான்: அதையும் தேடிக் கிளம்பிவிடாதீர்கள்!

(நோணாங்குப்பம், சுண்ணாம்பாற்றுப் பாலம். யாரும் கேட்காமலே மச்சான் பிரேக் போடுகிறான்.)

மச்சான்: மாமா, செருப்பு! அதுவும் ஜோடி!

மாமா: ஜோடியா? ஐயையோ.

மச்சான்: என்ன ஐயையோ? இத்தனை நேரம் ஒற்றையாகத்தானே கிடைத்தது, இது முழு செட். எடுங்கள்.

மாமா: ஒற்றை என்றால் நழுவி விழுந்தது. பாலத்துச் சுவரோரம் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தால்... நீ எட்டிப் பார் மச்சான். எனக்குக் கால் நடுங்குகிறது.

மச்சான்: (எட்டிப் பார்த்து) கரையோரமாக இடுப்பளவுத் தண்ணீரில் ஒருத்தர் வலை வீசிக்கொண்டிருக்கிறார்.

மாமா: அப்பாடா!

மச்சான்: நம்மைப் பார்த்து ஏதோ கத்துகிறார்.

மாமா: என்னவாம்?

மச்சான்: செருப்பில் கை வைத்தால் காலை உடைப்பாராம்.

மாமா: பார்த்தாயா, 71-ஆவது பிரிவை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார்! வண்டியை எடு.