பீப் சத்தத்துக்கு ரசீது உண்டா?

(லண்டன். மாலை ஐந்தரை மணி, விடாத தூறல். பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ் இரண்டு பேர். சரோஜா அக்கா ஒரு கிடங்குக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஊழியர்களின் பயணச் செலவு பில்களைப் பார்த்து ஓகே செய்பவர், பெரும்பாலும் செய்யாதவர். பரணி அதே கம்பெனியில் சரக்கு இறக்குபவன். கிடங்கை மூடுகிறோம் என்று அன்று காலைதான் கடிதம் கொடுத்திருந்தார்கள். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் ஒரு தேநீர்க் கோப்பை, இரண்டு இடதுகைக் கையுறைகள், பாதி பிஸ்கட் பாக்கெட்.)

சரோஜா: அந்தக் கடிதத்தைக் கொடு, பார்க்கிறேன். (படிக்கிறார்) ஒரு வார நோட்டீஸ். ம்ம். சரியாகத்தான் இருக்கிறது.

பரணி: எது அக்கா சரி?

சரோஜா: எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

பரணி: ஆட்குறைப்புப் பணம் என்று ஏதோ தருவார்களாமே?

சரோஜா: எத்தனை நாள் வேலை பார்த்தாய்?

பரணி: 1 வருஷம், 11 மாதம், 8 நாள்.

சரோஜா: அடடா. சட்டப்படி 2 வருஷம் முழுசாக முடித்திருக்க வேண்டும். இன்னும் மூன்று வாரம் தம் கட்டியிருக்கலாமே.

பரணி: கிடங்கை நானா மூடினேன்?

சரோஜா: முடித்திருந்தாலும் உன் வயசுக்கு வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம்தான். ஆக மொத்தம் இரண்டு வாரம். பெரிய சொத்து ஒன்றும் கைவிட்டுப் போகவில்லை.

பரணி: எனக்கு அது சொத்துதான் அக்கா. சரி, அமைச்சர்களுக்கு வேலை போனால் எவ்வளவு?

சரோஜா: (முகம் மலர்கிறது) கேட்டாய் பார், கேள்வி! 1991இல் ஒரு சட்டம் போட்டார்கள். 65 வயசுக்குள் இருந்து, மூன்று வாரத்துக்குள் வேறு பதவி கிடைக்காவிட்டால், அமைச்சர் சம்பளத்தில் கால்வாசி. அதாவது மூன்று மாதச் சம்பளம்.

பரணி: எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும்?

சரோஜா: அப்போது அப்படி ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் கிடையாது.

பரணி: புரியவில்லை.

சரோஜா: 2022இல் குவாசி குவார்டெங் என்று ஒரு நிதியமைச்சர் இருந்தார் இல்லையா? 38 நாள். அவருக்கு உரிமையான தொகை 16,876 பவுண்ட். அவரை வேலைக்கு வைத்து வேலையை விட்டும் எடுத்த பிரதமர் லிஸ் டிரஸ் 49 நாள். அவருக்கு 18,660.

பரணி: ஒரு பத்திரிகை லெட்டூஸ் கீரையைக் கேமரா முன்னால் வைத்து, இது வாடுவதற்குள் பிரதமர் போய்விடுவாரா என்று பந்தயம் கட்டியதே, அவர்தானே?

சரோஜா: அவரேதான். லெட்டூஸ் ஜெயித்தது. ஆனால் லெட்டூஸுக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை.

பரணி: இருங்கள் அக்கா. (போனை எடுத்துக் கணக்குப் போடுகிறான்) 38 நாளுக்கு மூன்று மாதம். நான் 707 நாள். அப்படியானால் எனக்கு நாலரை வருஷத்துக்கு மேல் சம்பளம் வர வேண்டும்!

சரோஜா: அது நாள் கணக்கு இல்லை தம்பி. அப்போதெல்லாம் இருந்தது ஒரு நாள் என்றாலும் ஒரே தொகைதான். அதற்கு முந்தின ஜூலையில் ஒரே வாரத்தில் அமைச்சர்களும் உதவியாளர்களுமாக ஐம்பதுக்கு மேல் ராஜினாமா செய்தார்களே, அந்தக் களேபரத்தில் கல்வி அமைச்சராக ஓர் அம்மா வந்தார், மிஷேல் டொனலன். ஏறக்குறைய 36 மணி நேரம் இருந்தார். அவருக்கும் அதே 16,876.

பரணி: (மறுபடி கணக்கு) மணிக்கு 469 பவுண்ட்! தூங்கின நேரத்தையும் சேர்த்து!

சரோஜா: அந்த வாரம் யார் தூங்கினார்கள்? பாவம், அவர் அந்தப் பணத்தைத் தான் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

பரணி: அவர் கணக்கில் பார்த்தால் எனக்கு கிட்டத்தட்ட 118 வருஷச் சம்பளம் அக்கா. அவ்வளவு நாள் உயிரோடு இருக்க வேண்டுமே என்று இப்போதே கவலையாக இருக்கிறது.

(நிறுத்தத்து மின்பலகையில் ‘9 நிமிடம்’ என்று வருகிறது. இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். சென்ற ஐந்து நிமிடமாகவும் அது 9தான்.)

சரோஜா: அவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசி. உனக்காவது ஒரு வார நோட்டீஸ். அமைச்சரை இரவு சாப்பாட்டுக்கும் காலைக் காப்பிக்கும் நடுவில் தூக்கிவிடலாம். காரும் போய்விடும், அலுவலக அறையும் போய்விடும்.

பரணி: அப்புறம் தெருவில் நிற்பாரா?

சரோஜா: இல்லை. எம்.பி.யாக இருப்பார். அந்தச் சம்பளம் தனி. அது 2022இல் வருஷத்துக்கு 84,144.

பரணி: அப்படியென்றால் வேலையே போகவில்லையே! என்னைச் சரக்கு இறக்குவதிலிருந்து எடுத்துவிட்டுச் சரக்கு ஏற்றச் சொன்ன மாதிரி அல்லவா இது? அதற்கா மூன்று மாதச் சம்பளம்?

சரோஜா: வரியும் கிடையாது. 30,000 பவுண்ட் வரைக்கும் வேலைநீக்கப் பணத்துக்கு வரி இல்லை. அது உனக்கும் பொருந்தும்.

பரணி: எனக்கு வந்தால்தானே!

சரோஜா: சட்டம் எல்லாருக்கும் பொது என்று சொல்ல வந்தேன். இன்னொன்றைக் கேள். ஜூலையில் ராஜினாமா செய்தவர்களில் சிலருக்குச் செப்டம்பரில் புதுப் பிரதமர் மறுபடி பதவி கொடுத்தார். நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது அல்லவா? விலகின பணமும் அவர்களுடையது, புதுச் சம்பளமும் அவர்களுடையது.

பரணி: நான் நாளைக்குக் கோபித்துக்கொண்டு போய் அடுத்த மாதம் திரும்பி வந்தால்?

சரோஜா: வாசல் கார்டு வேலை செய்யாது.

பரணி: இதெல்லாம் உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?

சரோஜா: (குரலைத் தாழ்த்தி) மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா அமைச்சகமும் பட்டியல் போடும். அமைச்சர் பறந்த ஊர், சந்தித்த ஆட்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. மற்றவர்கள் சீரியல் பார்ப்பார்கள், எனக்கு இது.

பரணி: அதில் என்ன இருக்கிறது, வெறும் எண்கள்தானே?

சரோஜா: வெறும் எண்ணா? தேதி, ஊர், காரியம், கூடப் போனவர்கள் எத்தனை பேர், மொத்தச் செலவு, எதில் போனார். சாதாரண விமானமா, தனி விமானமா, விமானப்படை விமானமா. அந்த ‘எதில் போனார்’ கட்டத்தில்தான் தம்பி கதையே இருக்கிறது. 2022 ஜனவரியில் இதே டிரஸ் வெளியுறவு அமைச்சராக ஆஸ்திரேலியா போனார். எதில்?

பரணி: விமானத்தில்.

சரோஜா: அரசாங்கத்தின் தனி ஏர்பஸ்ஸில்! ஐந்து லட்சம் பவுண்ட் ஆகியிருக்கும் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. பாதுகாப்பு, விமானத்திலேயே ரகசியப் பேச்சு வார்த்தை என்று காரணம் சொன்னார்கள்.

பரணி: என்னைப் போன மாதம் மூன்று நாள் அடுத்த கிடங்குக்கு அனுப்பினீர்களே, பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் போனில் சம்பந்தம் பேசிக்கொண்டே வந்தார். ரகசியம் கெடவே இல்லை, எல்லாம் அவர் ரகசியம்தான்.

சரோஜா: அடுத்த வருஷம் ஜனவரியில் சுனக். பிரதமர். பத்து நாளுக்குள் மூன்று தடவை உள்நாட்டிலேயே விமானப்படை ஜெட். அதில் ஒன்று லீட்ஸுக்கு.

பரணி: லீட்ஸுக்கா? ரயிலில் இரண்டேகால் மணிதானே? என் மாமா பையன் வாராவாரம் போய்வருகிறான்.

சரோஜா: பிரதமரின் நேரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறோம் என்றார்கள். அமைச்சர்களுக்கான நடத்தை விதியிலும் ‘சிக்கனம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. எதில் சிக்கனம் என்பதை அவரவர் வசதிக்குப் படித்துக்கொள்கிறார்கள், நேரத்திலா பணத்திலா என்று. எனக்கு அதெல்லாம்கூடப் பெரிசாகத் தெரியவில்லை. 2020இல் பெரிய விமானம் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்தார்களே, அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

பரணி: எவ்வளவு?

சரோஜா: 9 லட்சம் பவுண்ட்.

பரணி: பெயின்ட்டுக்கா!

சரோஜா: வெள்ளை, சிவப்பு, நீலம். வாலில் கொடி. சாம்பல் நிறத்தில் இருந்தபோதும் அது பறந்துகொண்டுதான் இருந்தது.

பரணி: என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாகக் குளியலறைக்குப் பெயின்ட் அடிக்காமல் இழுத்தடிக்கிறார். வாலில் கொடி போடலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

சரோஜா: ஆனால் ஒன்று கவனித்தாயா? 5 லட்சம், 9 லட்சம் என்றால் நான்கு நாள் பேச்சு, அவ்வளவுதான். சின்னத் தொகைதான் ஆளைக் கவிழ்க்கும். கனடாவில் பெவ் ஓடா என்று ஓர் அமைச்சர். ஏழைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி இதே லண்டனில் 2011இல் மாநாடு. மாநாடு நடந்த ஹோட்டல் பிடிக்கவில்லை என்று சவாய் ஹோட்டலுக்கு மாறினார். அறை வாடகையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ் குடித்தார் பார், 16 டாலர், அது மட்டும் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பரணி: ஜூஸ் நமக்குப் புரியும் அக்கா. கடையில் வாங்கியிருக்கிறோம். ஏர்பஸ் யார் வாங்கியிருக்கிறார்கள்?

சரோஜா: (அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்து) கணக்குப் பிரிவுக்கு வந்திருக்க வேண்டியவன் நீ. 2009இல் எம்.பி.க்கள் செலவுக் கணக்கு வெளியே வந்ததே, அப்போதும் அதே கதைதான். உள்துறை அமைச்சர் குளியல்தொட்டி அடைப்பானுக்கு 88 பென்ஸ் கேட்டிருந்தார். இன்னொரு எம்.பி. வாத்து வீட்டுக்கு 1,645 பவுண்ட்.

பரணி: வாத்துக்கு வீடா?

சரோஜா: குளத்து நடுவில், மிதக்கிற மாதிரி. ஊரே சிரித்தது. ஆனால் ஒருவரும் சொல்லாத விஷயம் என்ன தெரியுமா? அந்தப் பணம் கொடுக்கப்படவே இல்லை! ஏதோ ஒரு கிளார்க் அந்தத் தாளில் ‘அனுமதிக்க முடியாது’ என்று கிறுக்கிவிட்டார். வாத்து பெயர் எடுத்தது, எம்.பி. பெயர் கெட்டது, அந்தக் கிளார்க் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. (கண் கலங்குகிறது) எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

பரணி: அழாதீர்கள் அக்கா. சரி, இந்த மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்க ஆளே இல்லையா?

சரோஜா: கேட்டுக் கேட்டுத்தான் 2025 அக்டோபரில் விதியை மாற்றினார்கள். ஆறு மாதம்கூட இல்லாதவருக்குக் கிடையாது. நடத்தை விதியைப் பெரிசாக மீறி வெளியே போனவருக்குக் கிடையாது. மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்தால் அந்த மூன்று மாதம் முடியும் வரை சம்பளம் கிடையாது.

பரணி: சட்டம் வந்தது 1991, மாற்றம் 2025. 34 வருஷம்! என் பஸ் பரவாயில்லை.

(மின்பலகை ‘9’இலிருந்து ‘12’க்கு மாறுகிறது.)

பரணி: நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பாருங்கள் அக்கா, அவர்களுக்குக் கடுமையான புது விதி ஆறு மாதம். எனக்குச் சாதாரண விதியே இரண்டு வருஷம்.

சரோஜா: அதைக் கேட்டு எழுதிப் போடேன். தகவல் அறியும் சட்டத்தை 2000இலேயே போட்டார்கள். எந்த அமைச்சகத்தையும் கேட்கலாம், 20 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பரணி: நம் கம்பெனியைக் கேட்கலாமா?

சரோஜா: தனியார் கம்பெனிக்கு அது செல்லாது. உனக்கு என்ன தெரிய வேண்டும்?

பரணி: அந்த மூன்று நாள் பஸ் செலவு. போக மூன்று, வர மூன்று. தடவைக்கு 1.75 வீதம் 10 பவுண்ட் 50. ஒரு மாதமாக உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

சரோஜா: ரசீது இல்லை.

பரணி: லண்டன் பஸ்ஸில் யார் அக்கா ரசீது கொடுக்கிறார்கள்? கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிகிறது, பீப் என்கிறது. பீப்பை எங்கே ஒட்டுவது?

சரோஜா: பாங்க் கணக்குத் தாளைக் கொண்டு வா. மூன்று தேதியையும் வட்டம் போட்டு, மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்கி.

பரணி: கொடுத்தால் எப்போது பணம் வரும்?

சரோஜா: 20 வேலை நாள்.

பரணி: எனக்கு இன்னும் ஐந்து வேலை நாள்தானே இருக்கிறது?

சரோஜா: அது வேறு டிபார்ட்மென்ட்.

(தூரத்தில் சிவப்பு பஸ் வருகிறது. மின்பலகையில் இன்னும் ‘12’. கதவு திறக்கிறது. பரணி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கார்டைக் காட்டுகிறான். பீப்.)

பரணி: கேட்டதா அக்கா? நீங்களே சாட்சி!

சரோஜா: (தன் கார்டைக் காட்டிக்கொண்டே) எனக்குக் கேட்கிறது தம்பி. ஃபைலுக்குக் கேட்காது. மேலே ஏறு, முன்சீட் காலியாக இருக்கிறது.