சீட்டை வெட்டுங்க, ஸ்பிரிங்கை விட்டுருங்க

"கால் எட்டல அண்ணாச்சி, கொஞ்சம் எறக்கித் தாங்க" என்று பழைய ஸ்பிளெண்டரையோ புல்லட்டையோ உருட்டிக்கொண்டு போனால், நம்ம பக்கம் பல பட்டறைகளில் முதலில் கை போவது பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்குத்தான். ரெண்டு சுத்து வெட்டினால் வண்டி இறங்கும், உண்மைதான். ஆனால் சுற்று குறைந்த ஸ்பிரிங் முன்பைவிட விறைக்கும். ஷாக் முழுசாக விரியும்போது லூசாகிக் கடகடக்கும். வெட்டின முனை தட்டையாக இல்லாததால் கப்பில் சரியாக உட்காராது. கேஸ் வைத்துச் சூடுகாட்டி அமுக்குவது அதைவிடக் கொடுமை, இரும்பின் பதமே போய்விடும்.

ஸ்பிளெண்டர் சீட் உயரம் 785 மி.மீ.தான். ஐந்தடி ஆளுக்கும் அது எட்டாத உயரமில்லை. இடைஞ்சல் சீட்டின் முன்பக்க அகலத்தில் இருக்கிறது. தொடை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு கால் குட்டையாகும். அதனால் டேங்கை ஒட்டின இடத்தில் ஃபோமை இருபக்கமும் 2 செ.மீ. சீவி, ஓரத்தை உருட்டிவிட்டு, மேலே 2 செ.மீ. எடுங்க. மார்க்கரில் கோடு போட்டு, ஹேக்சா பிளேடால் அறுத்து, எமரி தாளால் தேய்த்தால் போதும். தகட்டுக்கு மேல் 4 செ.மீ. ஃபோமாவது மிஞ்சணும். இல்லையென்றால் பாளையங்கோட்டையில் கிளம்பினவர் வள்ளியூர் சேருமுன் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ரெக்சினுக்கு அடியில் ஒரு பாலித்தீன் ஷீட் போடச் சொல்லுங்க; இல்லையென்றால் ஐப்பசி மழையில் தையல் வழியே இறங்குகிற தண்ணி ஃபோமிலேயே தங்கிவிடும்.

அடுத்து, ஷாக்கில் ஸ்பிரிங் உட்காரும் அடிக் கப்பைக் கடைசி சாஃப்ட் படிக்குத் திருப்புங்க. காசில்லாத வேலை. பின்னால் கனத்த ஆள் ஏறினால் மட்டும் படியைக் கூட்டணும்.

இதற்கும் எட்டவில்லை என்றால்தான் குட்டை ஷாக். மேல் கண் (போல்ட் போகும் ஓட்டை) நடுவிலிருந்து கீழ்க் கண் நடு வரை அளந்து 20 மி.மீ. குறைத்தால் போதும். உட்காரும் இடம் இரு சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால் சீட்டில் அந்த 20 முழுசாகக் கிடைக்காது. பூட்டுமுன் ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, முழுக்க அமுக்கி, டயர் மட்கார்டில் இடிக்கிறதா பாருங்க. பின்னால் மட்டும் இறக்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், ஹேண்டிலும் மந்தமாகும். வண்டி இடம் கொடுத்தால் முன் ஃபோர்க் குழாயையும் அதைப் பிடித்திருக்கும் டி-யில் 10 மி.மீ. மேலே ஏற்றணும். பழைய புல்லட்டில் இந்த வேலை நடக்காது. ஃபோர்க் குழாய் மேலே ஹெட்லைட் கூட்டில் கூம்பாக இறுகி நிற்கும், நகராது. செயின் தொய்வை ஆள் உட்கார்ந்த நிலையில் பார்த்துத் திரும்ப வைக்கணும்.

எல்லாரும் மறப்பது சைடு ஸ்டாண்ட். வண்டி இறங்கினால் அது நீளமாகிப்போகும், வண்டி நட்டுக்க நிற்கும். ஆடிக் காற்றில் பணகுடிப் பக்கம் நிறுத்திப் பாருங்க, வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும். இறக்கின அளவுக்கு நடுவில் வெட்டி, உள்ளே கம்பி செருகி வெல்டிங் வைக்கணும். சென்டர் ஸ்டாண்ட் போடவும் முன்னைவிட அதிகம் தூக்க வேண்டியிருக்கும், குட்டை ஆளுக்கு அது தனிப் பாடு.

புதுசாகப் பழகுகிறவர்களுக்கு ஒன்று: ரெண்டு பாதமும் முழுசாகப் பதியணும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நின்றால் வலது கால் பிரேக்கில்தான் இருக்கணும், தரையில் ஊன்றுவது இடது கால் மட்டும் (வலப்பக்கம் கியர் உள்ள பழைய புல்லட்டில் இது தலைகீழ்). அதுவும் தார் விளிம்பைத் தாண்டின மண் பள்ளத்தில் ஊன்றினால், எந்த வண்டியும் எட்டாது.